தண்ணிக்கு மூணு

தோட்டம் எனக்குத் தர வேண்டியிருந்தது நாலு லட்சத்துப் பதினையாயிரத்து எண்ணூறு ரூபாய். இருபத்திரண்டு வருஷம் கொழுந்து பறித்ததற்கான சர்வீஸ் காசு. கணக்குப் போட்டுச் சொன்னவர் கணக்கப்பிள்ளை சிவலிங்கம். முழங்கால் மடங்காமல் போய் நான் வேலையை விட்ட மாதமே அவர் கடதாசிகளை எழுதி முடித்துவிட்டார். முதலாளி கையெழுத்து வைத்தால் சரி என்றார். முதலாளி கொழும்பில் இருக்கிறார். தேயிலை விலை ஏறட்டும் என்றார், பிறகு மழை விடட்டும் என்றார். சம்பள நாளைக்கு நான் மேலே ஏறிப் போய் ஆபீஸ் வாசலில் நிற்பேன். சிவலிங்கம் கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "மேசைலதான் இருக்கு" என்பார். இறங்கி வந்துவிடுவேன்.

அந்தக் காசை நம்பித்தான் உக்குவளை ஸ்டேஷனுக்குப் பின்னால் இரண்டு அறை வீடு ஒன்றைப் பார்த்து வைத்திருந்தோம். வீட்டில் யாரும் தோட்டத்தில் வேலை செய்யாவிட்டால் தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பராவில் இருக்க முடியாது. காலி செய்யச் சொல்லி ஏற்கெனவே ஆள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தது. காசு வந்தால் அந்த வீடு. வராவிட்டால் எங்கே என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்கிற இடம் மரத்துப் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்கு ஊசி போட்டால் கொஞ்ச நேரம் கால் இருக்கும், ஆனால் நம்முடையது இல்லாத மாதிரி இருக்குமே, அப்படி.

நான் அப்போது உக்குவளையில் ஸெய்னுலாப்தீன் முதலாளியின் ஸ்டோரில் மிளகும் கராம்பும் பொறுக்கிக்கொண்டிருந்தேன். உட்கார்ந்து செய்கிற வேலை என்று போனது. மகள் கிருஷாந்தினி ஸ்டேஷன் ரோட்டில் போட்டோக்கொப்பிக் கடையில் நிற்கிறாள். மகன் கஜீபனுக்கு மாத்தளை டவுனில் பெயின்ட் வேலை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் அவனும், ஸ்டோர் முதலாளியின் மகன் பவாஸும், கித்தார் அடிக்கிற அலுவிகாரைச் சிங்களப் பையன் ஒருவனும் ஸ்டோரின் பின்னறையில் மூட்டைகளைச் சுவரோரமாக அடுக்கிவிட்டுப் பாட்டுப் போடுவார்கள். மெட்டல்கோர் என்று அதற்குப் பேர். தகரக் கூரையை ரோட்டில் இழுத்துக்கொண்டு போகிற மாதிரி ஆரம்பிக்கும். நடுவில் திடீரென்று நல்ல ராகம் ஒன்று வரும். இனி இப்படியே போகும் என்று நாம் சாய்ந்து உட்கார்ந்தால் மறுபடியும் தகரம். கஜீபன்தான் கத்துகிறவன். அவன் கழுத்து நரம்பு கயிறு மாதிரி எழும்பி நிற்பதை மட்டும் நான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஸெய்னுலாப்தீன் முதலாளி ஒரு நாள் அசர் தொழுகைக்குப் போகிற வழியில் நின்று கேட்டுவிட்டு, இது வயிற்று வலியா கோபமா என்று பவாஸிடம் விசாரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "தங்கச்சி, ஒங்கட மகனுக்கு தொண்ட கிழிஞ்சிரும். கராம்பு ரெண்டு எடுத்து வாய்ல போட்டுக்கச் சொல்லுங்க. சம்பளத்துல புடிக்க மாட்டன்" என்றார். அதற்குப் பிறகு கஜீபன் எப்போதும் கராம்பு வாசனையோடுதான் கத்தினான்.

எட்டுப் பாட்டுச் சேர்த்து ஒரு அல்பமாகப் போனில் ஏற்றினார்கள். அல்பத்துக்கு 'அரைப்பேர்' என்று பெயர் வைத்தான் கஜீபன். பெட்ரோல், மண்ணெண்ணெய் வரிசையில் நின்று செத்தவர்களைப் பற்றி ஒன்று இருந்தது. கொரோனா காலத்தில் பவாஸின் மாமாவை அடக்க விடாமல் எரித்ததைப் பற்றி ஒன்று. அதில் பவாஸ் டிரம்மில் அடிக்கிற அடியில் ஸ்டோரின் ஓட்டுக் கூரையிலிருந்து தூசி விழும். நாலாவது பாட்டுத்தான் 'தண்ணிக்கு மூணு'. கஜீபன் என் காதில் ஒரு பக்கத்து இயர்போனைச் செருகிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். முதலில் சத்தமே இல்லை. பிறகு ஒரு குரல்: "கிருஷ்ணம்மா. பதினெட்டு. தண்ணிக்கு மூணு. பதினஞ்சு. அரைப்பேர்." சிவலிங்கத்தின் குரல். அதற்குப் பிறகு தகரம் விழுந்தது. பாட்டு முழுக்க அந்தக் குரலைத் துண்டு துண்டாக வெட்டித் திரும்பத் திரும்பப் போட்டிருந்தான்.

எங்களிடம் பேர் என்றால் ஒரு நாள் கூலி. எங்கள் தோட்டத்தில் பதினாறு கிலோ பறித்தால் பேர் விழும். குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிக் கூலி. நனைந்த கொழுந்தென்றால் தண்ணீர்ப் பாரத்துக்கு என்று மூன்று கிலோ கழிப்பார்கள். வெயில் நாளிலும் கழிப்பார்கள். பனி இருந்திருக்கும் என்பார்கள். நான் வேலையை விடுவதற்கு முன், கஜீபன் அந்தக் குரலைப் பிடித்த நாள் நல்ல பங்குனி வெயில். எனக்கு மருந்து கொண்டுவந்து தர, கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு வந்தவன், சட்டைப் பையில் போனை ஓடவிட்டிருக்கிறான். பாட்டு முடிந்ததும் என் முகத்தைப் பார்த்தான். நல்லா இருக்கு என்றேன். என் பெயரை அவ்வளவு சத்தத்துக்கு நடுவில் நான் கேட்டதில்லை.

கேட்டவர்கள் போனிலேயே பாட்டுக்கு அடியில் எழுதினார்கள். 'கருத்துகள்' என்று அதற்கு மேலே போட்டிருந்தது. நான் நாற்பது தாண்டித்தான் எழுத்துப் படித்தேன், கிருஷாந்தினியின் இரண்டாம் வகுப்புப் புத்தகத்தில். விரல் வைத்துத்தான் இன்றைக்கும் படிப்பேன். போனில் விரலை வைத்தால் எழுத்து ஓடிவிடும். அதனால் ஈர்க்குச்சி ஒன்றை வைத்துப் படிக்கப் பழகினேன். குச்சிக்குப் போன் அசையாது. தமிழ் எழுத்தில் எழுதியவர்கள் எல்லாரும் தூரத்து ஆட்கள். இந்தியா, கனடா, யாழ்ப்பாணம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதுகிறவர்கள். ஆகவே முகம் தெரியாதவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தவர்கள் சொன்னது கிருஷாந்தினி வாசித்தால்தான். அவள் வாசிக்கும்போது சில இடங்களில் கண் ஒரு வரி தாண்டிக் குதிக்கும். தாண்டியது என்ன என்று நான் கேட்கவில்லை.

தூரத்து ஆட்களுக்குப் பாட்டு வேறு மாதிரிக் கேட்டிருக்கிறது. "தண்ணீருக்காக மூன்று உயிர்கள்! கண் கலங்கிவிட்டது" என்று ஒருவர். யார் அந்த மூவர், எந்த ஆண்டு என்று அதன் அடியில் இன்னொருவர். அதற்கு ஒருவர் ஊர், கிணறு, வருஷம் எல்லாம் போட்டுப் பதில் எழுதியிருந்தார். அந்தக் கிணற்றடியில் சுட்டார்களாம். இரண்டு ஆணும் ஒரு பெண்ணுமாம். நான் அதை மறுபடியும் படித்தேன். அந்தப் பெண்ணுக்குப் பெயர் கிருஷ்ணம்மா என்று எழுதியிருந்தது. கனடாவிலிருந்து ஒருவர் 'அரைப்பேர்' என்பதற்கு நீளமாக விளக்கம் எழுதியிருந்தார். நாடும் இல்லாமல் பாதிப் பெயரோடு கப்பலில் ஏற்றப்பட்டவர்களின் வலி அது என்று. அதைப் படித்து முடிக்க எனக்குச் சில சாயங்காலங்கள் போயின. அழகாகத்தான் எழுதியிருந்தார். அப்படியும் இருக்கலாம் என்றுகூடத் தோன்றியது. கஜீபனிடம் சொன்னபோது அவன் கையில் பெயின்ட்டைத் தின்னரால் துடைத்துக்கொண்டே, "விடும்மா. அவங்களுக்கு அது அப்படி" என்றான்.

திட்டியவர்களும் உண்டு. வாயைத் திறந்து சொன்னால் புரியாதா, எதற்குக் கத்துகிறான் என்று. பாட்டில் எதற்கு அரசியல், கித்தார் நன்றாக இருக்கிறது, பேசாமல் அதை வாசிக்கலாமே என்று. யுத்தத்தில் செத்தவர்களைப் பாடாமல் கொழுந்துக்கு அழுகிறான் என்று ஒருவர், தோட்டத்துக் கதையைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது என்று ஒருவர். சிங்களத்திலும் நிறைய இருந்தது, அதைக் கித்தார்ப் பையன் வாசித்துச் சொல்வான், பாதியில் நிறுத்திக்கொள்வான். கொழும்பில் இந்த மாதிரிப் பாட்டுகளுக்கு மார்க் போடுகிறவர் ஒருவர் இருக்கிறாராம். அவர் பத்துக்கு ஏழு போட்டிருந்தார். மூன்று எதற்குக் குறைத்தார் என்று கஜீபன் அன்றைக்கு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தான். "தண்ணிக்கு மச்சான்" என்றான் பவாஸ். நான் மிளகுச் சுளகைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். எப்போது கடைசியாக அப்படிச் சிரித்தேன் என்று தெரியவில்லை.

ஆனால் எல்லாரும், திட்டியவர்களும்கூட, ஒன்றை மட்டும் ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள். முதலில் வருகிற அந்தக் குரல். யார் அந்த நடிகர், எங்கே பிடித்தீர்கள், மயிர்க்கூச்செறிகிறது, எமன் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது நடிகர் இல்லை என்று தெரியும். அவர்கள் இங்கிலீஷ் எழுத்தில் பெயரையே போட்டார்கள்.

சிவலிங்கம் தோட்டத்து பஸ்ஸில் ஏறினால் பின் சீட்டிலிருந்து யாராவது "தண்ணிக்கு மூணு" என்பார்கள். கொண்டக்டர் மிச்சக் காசைக் கொடுக்கும்போது தண்ணிக்குக் கழித்துக்கொண்டேன் என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். ஒரு நாள் நானும் அந்த பஸ்ஸில் இருந்தேன். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டாரா தெரியவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும். இருக்கவில்லை. பாவமாகவும் இருக்கவில்லை. இறங்க வேண்டிய இடம் வந்ததும் இறங்கிவிட்டேன்.

பிறகு அவர் மடுவத்தில் நிறையைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார் என்று கேள்விப்பட்டேன். மேலே போனபோது பார்த்தேன், உண்மைதான். கொழுந்துச் சாக்கைக் கொக்கியில் மாட்டினால் தராசின் முகம் கணக்கப்பிள்ளையின் பக்கம் இருக்கும். எங்கள் பக்கம் இருப்பது அதன் முதுகு. முள் எங்கே நிற்கிறது என்பது அவர் வாயால் சொன்னால்தான் உண்டு. கழிப்பதைக் கழித்தாலும் எவ்வளவு நிறுத்தது, எவ்வளவு கழித்தது என்று காதில் விழும். இப்போது அவர் முள்ளைப் பார்க்கிறார், எழுதுகிறார், தலையை ஆட்டுகிறார். அடுத்த ஆள். எவ்வளவு என்று கேட்டால் சம்பளத்தன்றைக்குப் பாருங்கள் என்கிறார். பெண்கள் சாக்கை இறக்கிவிட்டு அவர் வாயைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிஷம் கூடுதலாக நிற்கிறார்கள்.

ஒரு சனிக்கிழமை பகல் அவர் எங்கள் காம்பராவுக்கு வந்தார். இத்தனை வருஷத்தில் லயத்துக்குள் வந்து நான் பார்த்ததில்லை. செருப்பை வாசலுக்கு வெளியே நேராகக் கழற்றி வைத்தார். பிளாஸ்டிக் கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். பெட்டிகள் கட்டி வைத்திருப்பதைப் பார்த்தார். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். மகன் இல்லையா என்று கேட்டார், டவுனுக்கு வேலைக்குப் போயிருக்கிறான் என்றேன். அது அவருக்குத் தெரிந்திருக்கும். தெரிந்துதான் வந்திருப்பார்.

"கிருஷ்ணம்மா, நீங்க ஒன்னு செய்யணும்" என்றார்.

இருபத்திரண்டு வருஷமும் என்னை நீ என்றுதான் சொன்னவர். அந்த 'நீங்க' எனக்குப் பயமாக இருந்தது.

"என் குரல எடுத்துரச் சொல்லுங்க. பாட்டு இருக்கட்டும். திட்டுறதுன்னா திட்டட்டும். குரல மட்டும் எடுக்கச் சொல்லுங்க." தேத்தண்ணியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார், குடிக்கவில்லை. "மூணு கழிக்கிறது நான் வச்ச சட்டமில்ல. பெரியவரு காலத்துல வச்சது. நான் ரெண்டு கழிச்சா பெக்டரில நிறை கொறைஞ்சு ஒதைக்கும். ஒதைச்சா என் சம்பளத்துல வெட்டுவாங்க."

"நான் அத கேக்கலீங்களே ஐயா."

"நீங்க கேக்கல. அவங்க கேக்குறாங்க."

அவர்கள் என்ன எழுதுகிறார்கள் என்று எனக்குச் சரியாகத் தெரியாது, பாதிக்கு மேல் இங்கிலீஷ் எழுத்தில் இருக்கிறது என்றேன்.

"எனக்குத் தெரியுமே" என்றார்.

அவரே சொன்னார். போன வாரம் சின்ன தொரை, முதலாளியின் மகன், கொழும்பிலிருந்து கூட்டாளிகளோடு பங்களாவுக்கு வந்திருக்கிறார். அவருக்கு இந்த மாதிரிப் பாட்டுத்தான் பிடிக்குமாம். அல்பத்தைப் பெரிய ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். தன் தோட்டத்தைத் திட்டுகிற பாட்டு என்று அவருக்குக் கோபமே இல்லையாம். நம்ம தோட்டம், நம்ம தோட்டம் என்று கூட்டாளிகளிடம் காட்டினாராம். பிறகு ஆளனுப்பி சிவலிங்கத்தைக் கூப்பிட்டிருக்கிறார்.

"சொல்லிக் காட்டச் சொன்னாரு. சொன்னேன். போன்ல புடிக்கணும், மறுபடி சொல்லுங்கன்னாரு. சொன்னேன். கை தட்டுனாங்க. ஒரு பியர் டின்ன கையில குடுத்தாரு. நான் குடிக்கிறதில்லேன்னு ஒங்களுக்குத் தெரியும். கையில வச்சிக்கிட்டே நின்னேன், போகச் சொல்ற வரைக்கும்."

எழுந்து வாசலுக்குப் போனார். செருப்பைப் போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல், "ஒங்க கடதாசி மேசைலதான் இருக்கு" என்றார். மாதா மாதம் சொல்கிற அதே வார்த்தை. அவர் படியிறங்கி மறைந்த பிறகும் அதை எந்தப் பக்கம் திருப்பிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. தேத்தண்ணியில் ஆடை விழுந்திருந்தது. அதைக் கொட்டினேன்.

மறுநாள் ஸ்டோரில் கஜீபனிடம் சொன்னேன். அவன் மூட்டை மேல் உட்கார்ந்து கேட்டான்.

"மெரட்டிட்டுப் போறாரா?"

"இல்லடா. கேட்டுட்டுப் போறாரு."

"கடதாசிய மேசைக்குள்ள வச்சிக்கிட்டுக் கேக்குறதுக்குப் பேரு என்னா?"

"ரெண்டும்தான்" என்றேன்.

கித்தார்ப் பையனுக்குச் சம்மதமில்லை. அந்தக் குரல் இல்லாவிட்டால் பாட்டில் என்ன இருக்கிறது, விலை போய்விட்டோம் என்று எழுதுவார்கள் என்றான். பவாஸ் டிரம் தோலில் விரலால் தட்டிக்கொண்டிருந்தான். சின்ன தொரை கை தட்டியதைக் கேட்டபோதுதான் கஜீபனின் முகம் மாறியது. வெகு நேரம் கராம்பு ஒன்றை மென்றுகொண்டிருந்தான். பாட்டைக் கேட்டவர்கள் எழுதியதையெல்லாம் அவன் இரவும் பகலும் படித்தவன். ஒரு நாளும் எழுதாமல் கேட்டவர் ஒருவர் இருந்திருக்கிறார், அவருக்குத்தான் மிகவும் பிடித்திருக்கிறது.

"நீ என்னாம்மா சொல்ற?" என்றான் கடைசியில்.

"எனக்கு வீடு வேணும்."

"சரி" என்றான்.

அந்த இடத்தில் தானே சொல்லிவிடலாம் என்று நினைத்தான். மூட்டைகளுக்கு நடுவில் மைக்கை நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு என் பெயரைக் கூப்பிட்டான். கோபமாக வந்தது. மறுபடி கூப்பிட்டான், அழுகிற மாதிரி வந்தது. பவாஸ் கையை உயர்த்தி நிறுத்தினான். "ஒன்னுமே இல்லாம சொல்லு மச்சான். அந்தாளு எப்படிச் சொல்றாரு? கடைல சாமான் சொல்ற மாதிரி." கஜீபன் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் முயன்றான். ஒன்றும் இல்லாமல் அவனால் சொல்ல முடியவில்லை. ஏதாவது ஒன்று வந்து சேர்ந்துகொண்டே இருந்தது. பெற்ற தாயை அரைப்பேர் என்று கூப்பிட வேண்டும், எப்படி வரும். அவன் கழுத்து நரம்பைப் பார்த்துக்கொண்டிருந்தவள் சுளகை வைத்துவிட்டு எழுந்து போனேன். அந்த மைக் கம்பியைக் கொஞ்சம் பதிச்சு வை என்றேன். பவாஸ் இறக்கினான்.

"கிருஷ்ணம்மா. பதினெட்டு. தண்ணிக்கு மூணு. பதினஞ்சு. அரைப்பேர்."

முடிந்ததா என்று பார்த்தேன். பவாஸ்கூடச் சிரிக்கவில்லை. இன்னொரு தரம் சொல்லவா என்றேன், வேண்டாம் என்றான் கஜீபன். போய் உட்கார்ந்தேன். கல் கலந்த மிளகு இன்னும் ஒரு சாக்கு இருந்தது.

பழைய பாட்டை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றினார்கள். குச்சியை வைத்துக்கொண்டு படித்தேன். "ஏன் மாற்றினீர்கள்?" "யாரிடம் விலை போனீர்கள்?" "பழைய குரலில் உயிர் இருந்தது. இந்தப் பெண் ரயில் வருகிற நேரம் சொல்கிற மாதிரிச் சொல்கிறாள்." கிணற்றடிக் கதை எழுதியவர், உண்மையை மறைக்க அரசாங்கம் நெருக்கியிருக்கும் என்று எழுதியிருந்தார். கனடாக்காரர் ஒன்றும் எழுதவில்லை. கேட்கிறவர்கள் மெல்லக் குறைந்துபோனார்கள். இங்கிலீஷ் எழுத்தில் வந்ததைக் கிருஷாந்தினியிடம் வாசிக்கச் சொன்னேன். இந்தத் தடவை தாண்டக் கூடாது என்றேன். அவள் போனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அவங்கம்மா கையே மெதுவுதான், அதான் அரைப்பேர்னு எழுதியிருக்கு. இது பழசும்மா, முன்னுக்கே வந்தது" என்றாள். நானும் அவளும் சோறு சாப்பிட்டோம். சிவலிங்கத்தின் பழைய குரல் அழிந்தும் போகவில்லை. சின்ன தொரையின் கூட்டாளிகள் பங்களாவில் போனில் பிடித்தது, பியர் டின்னோடு, ஊரெல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அது எங்கள் கையில் இல்லை. சிவலிங்கத்துக்கு அதுவும் தெரிந்திருக்கும்.

அந்த மாதம் ஆபீஸிலிருந்து ஆள் வந்து வரச்சொன்னது. போனேன். சின்ன தொரை வந்திருந்தார். அரைக் காற்சட்டையும் கறுப்பு டீசேர்ட்டுமாக மேசை விளிம்பில் உட்கார்ந்திருந்தார். நல்ல முகம். சிவலிங்கம் கடதாசியை மேசையிலிருந்து எடுத்து நீட்டினார், சின்ன தொரை அப்பாவுக்குப் பதிலாக, வாசிக்காமல் கையெழுத்து வைத்தார். பேனாவை மூடுகிற நேரம்கூட ஆகவில்லை. காசோலையை ஒரு வெள்ளை உறையில் போட்டுக் கொடுத்தார். முழுத் தொகையும் இருந்தது. நான் கும்பிட்டேன். கஜீபன் என் மகன்தானே என்று சிங்களத்தில் கேட்டார், ஆமாம் என்றேன்.

"நல்ல திறமை. ஆனா பழையதுதான் நல்லா இருந்துச்சுன்னு மகன்கிட்ட சொல்லுங்க. இப்ப வர்ற அந்தப் பொம்பளக் குரல் சரியில்ல. ஒரு உணர்ச்சியும் இல்ல."

சொல்கிறேன் என்றேன். சிவலிங்கம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். நிறுவைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு கொப்பியை அக்குளில் வைத்தபடி எனக்கு முன்னாலேயே வெளியே இறங்கிப் போனார்.

ஆபீஸிலிருந்து கீழே போகிற படி கொழுந்து மடுவத்துக்கு நேர் மேலே வளைந்து போகிறது. முழங்காலுக்காக அந்த வளைவில் நின்றேன். பெண்கள் சாக்கோடு வரிசையில் நின்றார்கள். பேச்சில்லை. கொக்கியில் சாக்கு ஏறும்போது சங்கிலி கிலுங்குவது மட்டும் கேட்டது. நோனா முன்னால் நின்றாள். எனக்குப் பக்கத்து நிரையில் வருஷக் கணக்காகப் பறித்த சிங்களப் பெண், கீழ்க் கிராமத்திலிருந்து வருகிறவள். தன் சாக்கை மாட்டிவிட்டு வழக்கம்போல சிவலிங்கத்தின் வாயைப் பார்த்தாள். அவர் எழுதக் குனிந்தார். நோனா தற்செயலாக நிமிர்ந்தவள் என்னைக் கண்டாள். நான் நின்ற மேட்டிலிருந்து தராசின் முகம் தெரிந்தது. முள் பதினேழில் நின்றது. எவ்வளவு என்று கேட்கிற மாதிரி அவள் தாடையை மெல்ல உயர்த்தினாள்.

இரண்டு கையும் வேண்டியிருந்தது. உறையைப் பல்லால் கவ்விக்கொண்டேன். முதலில் பத்து விரல். மடக்கிவிட்டு, பிறகு ஏழு. நோனா பார்த்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவளும் திரும்பிப் பார்த்தாள், அவளுக்கும் பின்னால் நின்றவள் கொழுந்துச் சாக்கை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தாள். சிவலிங்கத்தின் பேனா தாளுக்கு மேலே நின்றது. அவர் தலையைத் தூக்கவில்லை. நோனாவின் சாக்கு இறங்கியது, சங்கிலி கிலுங்கியது, அடுத்த சாக்கு ஏறியது. முள் ஆடி ஆடி நிற்கப் பார்த்தது. உறையின் பசை நாக்கில் பட்டு லேசாக இனித்தது. நான் மறுபடியும் கையைத் தூக்கினேன்.